கடன் முடிந்ததற்குக் காகிதமே சாட்சி

கடன் வாங்குவதைவிட அடைப்பது கடினம் என்பது எல்லோரும் அறிந்தது. அடைத்த கடன் அடைந்துவிட்டது என்று மெய்ப்பிப்பது அதனினும் கடினம் என்பது, வங்கி மேசையின் இப்புறம் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கும் எங்களுக்குத் தெரிந்தது. பணத்தைக் கட்டிவிட்டு ரசீது இல்லாமல் நிற்பவர்கள், தீர்வு பேசி முடித்தபின் மீண்டும் நோட்டீஸ் வந்ததென்று பதறி வருபவர்கள், கடன் முடிந்தும் பத்திரம் திரும்பாதவர்கள் எனப் பலரைக் கிளைகளில் சந்திக்கிறோம். இவர்களில் பெரும்பாலோர் நாணயமானவர்கள். அவர்களிடம் இல்லாதது பணமன்று, காகிதம்.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரையிலும், இடுக்கியில் மறையூர், மூணாறு, பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, குமுளி வரையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சிக்கல் சற்றுக் கூடுதலாகவே உண்டு. நகைக்கடன் உள்ளூரில் இருக்கும். ஜீப் கடன் பொள்ளாச்சியிலோ தேனியிலோ இருக்கும். மகளிர் குழுக் கடன் வேறொரு நிறுவனத்தில் இருக்கும். மருத்துவச் செலவுக்கு வாங்கியது வட்டிக்காரரிடம் இருக்கும். ஏலக்காய் விலை சரிந்தாலும், தேயிலைத் தோட்டத்தில் வேலைநாள் குறைந்தாலும், சிற்றூர் வட்டாரத்தில் மழை பொய்த்தாலும் எல்லாத் தவணைகளும் ஒரே மாதத்தில் தவறிவிடுகின்றன. அப்போது வாசலில் வந்து நிற்பவர்கள் பலர். வருகிற கடிதங்கள் சில மலையாளத்திலும் சில ஆங்கிலத்திலும் இருக்கும். அச்சத்தில் முதலில் சத்தம் போட்டவர் கையில் பணம் கொடுக்கப்படுகிறது. அது கணக்கில் ஏறியதா என்று பின்னரே கேட்கப்படுகிறது.

ஆகவே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே. கடன் எழுத்தில் பிறந்தது. அது எழுத்திலேயே முடிய வேண்டும். வாசலில் கேட்கும் குரலுக்கு அஞ்சாமலும், வாயால் கொடுக்கப்படும் வாக்குறுதியை நம்பாமலும் ஒவ்வொரு படியையும் காகிதத்தில் கடந்தால், கடனாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு சிறிதன்று.

வந்திருப்பவர் யார்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. வங்கி தன் கடனை வசூலிக்க வெளி முகவரை அமர்த்தினால், அந்த முகவர் நிறுவனம் எது என்பதைக் கடனாளிக்கு முன்னரே தெரிவிக்க வேண்டும் என்பது 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதித்த நெறி. வீட்டுக்கு வரும் முகவர் அந்த அறிவிப்பின் நகல், வங்கி வழங்கிய அதிகாரக் கடிதம், அடையாள அட்டை ஆகிய மூன்றையும் உடன் வைத்திருக்க வேண்டும். இவற்றைக் காட்டச் சொல்வது அவமரியாதை ஆகாது. காட்ட இயலாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. கிளையின் தொலைபேசி எண்ணை அவரிடம் கேட்காமல், தங்கள் கடன் புத்தகத்தில் உள்ள எண்ணில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முகவர் முறையானவராகவே இருந்தாலும் ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. கடன் கணக்கு எண்ணுக்கே நேரடியாகச் செலுத்துங்கள். முகவரின் சொந்த எண்ணுக்கோ, அவர் காட்டும் ஏதோவொரு கியூஆர் குறியீட்டுக்கோ பணம் அனுப்பலாகாது. ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டுமெனில், கடன் எண், தொகை, தேதி குறிப்பிட்ட ரசீதை அந்த இடத்திலேயே பெறுங்கள்.

முகவர் செய்யத் தகாதவை

2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னரும் மாலை 7 மணிக்குப் பின்னரும் கடனாளியை அழைக்கக் கூடாது. சொல்லாலோ செயலாலோ மிரட்டுவது, பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் அச்சுறுத்துவது, கைப்பேசியிலோ சமூக ஊடகத்திலோ தகாத செய்தி அனுப்புவது, பெயர் சொல்லாமல் அழைப்பது, பொய்யான தகவல் தருவது ஆகியன அனைத்தும் தடை செய்யப்பட்டவை. முகவர் செய்யும் தவறுக்கு அவரை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு.

மகளிர் குழுக்கள் வழியே வரும் நுண்கடனுக்கு விதிகள் இன்னும் இறுக்கமானவை. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடின்றித் தரப்படுவதே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தின் பாதியைத் தாண்டும் வகையில் புதுக்கடன் தரலாகாது. தவணையை வசூலிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கடனாளி அடுத்தடுத்து இரு முறையோ அதற்கு மேலோ வரத் தவறினால் மட்டுமே பணியாளர் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ செல்லலாம். காலை 9 மணிக்கு முன்னரும் மாலை 6 மணிக்குப் பின்னரும் அழைக்கக் கூடாது. பொழுது சாய்ந்தபின் லயத்து வாசலில் வந்து அமர்ந்துகொண்டு, பணம் தந்தால்தான் எழுவேன் என்பதற்கு இந்நெறியில் இடமே இல்லை.

எல்லைப் பகுதி வாசகர்கள் மறவாமல் நினைவில் கொள்ள வேண்டிய விதி மற்றொன்று. நுண்கடன் அட்டை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வங்கிசாரா நிதி நிறுவனங்கள் கடனாளிக்கு அனுப்பும் தகவல்களும் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ அமைய வேண்டும். தங்களுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே எனில் தமிழில் கேளுங்கள். படிக்க இயலாத எந்தத் தாளிலும் கையொப்பம் இடாதீர்கள்.

கட்ட இயலாதவருக்குச் சிறையா?

முகவர்கள் சிலர் பயன்படுத்தும் பெரிய ஆயுதம், போலீஸ் வரும் என்ற மிரட்டல். தவணை கட்ட முடியாமை குற்றமன்று; அது உரிமையியல் விவகாரம். இதில் இந்திய நீதி வரலாற்றில் முதன்மையான தீர்ப்பொன்று கேரளத்து வங்கிக் கடனைப் பற்றியதே என்பது பலருக்குத் தெரியாது. 1980 பிப்ரவரியில், பேங்க் ஆஃப் கொச்சின் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை வழங்கியது. அதை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். கையில் வழியில்லாமல் கட்டாதவரை, கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைக்கலாகாது. வசதி இருந்தும் தீய எண்ணத்தோடு ஏமாற்றுகிறார் என்று காட்டப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தோட்டத் தொழிலாளர்கள் அறிய வேண்டியது மேலும் உண்டு. தொழிலாளரின் கூலியை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு கடன் வழக்குகளின் பற்றுகையிலிருந்து விலக்கியுள்ளது. வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் அவற்றுக்குரிய சட்டங்கள் இதுபோன்ற பாதுகாப்பை அளிக்கின்றன. நீதிமன்றமே தொடாத கூலியை, ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் ஈடாகக் கொடுத்து நாமே பிறர் கையில் ஒப்படைக்கலாமா? அட்டையை ஒருபோதும் அடகு வைக்காதீர்கள். வைத்திருந்தால் இன்றே கிளைக்கு வந்து அதை முடக்கிப் புதிய அட்டை பெறுங்கள்.

காசோலை விவகாரம் மட்டும் வேறு. கையொப்பமிட்ட காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி அது குற்ற வழக்காகலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாள்களுக்குள் பணத்தைச் செலுத்த வாய்ப்பு உண்டு. தொகை எழுதாத காசோலையிலும் வெற்று முத்திரைத்தாளிலும் கையொப்பமிட்டுத் தருவது எத்துணை ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

உரிமம் இல்லாத வட்டிக்காரர்

தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி என்றும், கேரளத்தில் 'பிளேடு' என்றும் அழைக்கப்படுவது ஒன்றே. 10,000 ரூபாய் என்று சொல்லி 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிக்கும் கடனை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துவருவதைக் கணக்கில் கொண்டால், அது ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி.

1958ஆம் ஆண்டின் கேரள வட்டிக்கடைக்காரர் சட்டப்படி உரிமமின்றி வட்டித்தொழில் செய்யக் கூடாது. உரிமம் பெற்றவரும் வணிக வங்கிகளின் அதிகபட்ச வட்டிக்கு மேல் 2 சதவீதமே கூடுதலாக வசூலிக்கலாம். பெற்ற பணத்துக்கு ரசீதும் தர வேண்டும். 2012ஆம் ஆண்டில் மிகை வட்டியைத் தடைசெய்யும் தனிச்சட்டம் கேரளத்தில் வந்தது. 2014 மே மாதத்தில் 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் மாநிலமெங்கும் போலீஸ் சோதனைகள் நடந்தன. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் மிகை வட்டித் தடைச் சட்டம் நடப்பில் உள்ளது. வசூல் அத்துமீறல்களைத் தடுக்க 2025இல் புதிய சட்டமும் நிறைவேற்றப்பட்டது. வட்டிக்காரர் எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் மிரட்டலுக்குச் சட்டத்தின் துணை கிடையாது. மிரட்டப்பட்டால் உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதற்கான ரசீதைப் பெறுங்கள். அவசரமெனில் 112. கைப்பேசிச் செயலிக் கடன்காரர்கள் படங்களைத் திரித்து மிரட்டினால் 1930.

தீர்வு பேசும்போது

வங்கிக் கடனில் தவணை 90 நாள்களுக்கு மேல் தவறினால் அது செயல்படாக் கடனாகிறது. அதற்கு முன்னரே கிளைக்கு வந்தால் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது போன்ற வழிகளை ஆராய இடமிருக்கிறது. அந்தக் கட்டம் கடந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் ஒருமுறைத் தீர்வு. அதாவது, நிலுவையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, மீதியைப் பெற்றுக்கொண்டு கணக்கை முடிப்பது.

பேச்சுக்கு வருமுன் கணக்கு விவரத்தைப் பெறுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். 2024 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, தவணை தவறியதற்கான அபராதத்தைத் தனிக் கட்டணமாகவே விதிக்கலாம். அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடலாகாது.

தீர்வு உறுதியானால், அதிகாரம் பெற்ற அலுவலர் கையொப்பமிட்ட கடிதம் கைக்கு வரும்வரை தீர்வுப் பணத்தைச் செலுத்தாதீர்கள். அக்கடிதத்தில் இருக்க வேண்டியவை:

1. கடன் கணக்கு எண், கடனாளியின் பெயர், மொத்த நிலுவை.
2. தீர்வுத் தொகை, தவணைகள், ஒவ்வொன்றுக்குமான கடைசித் தேதி.
3. இத்தொகை செலுத்தப்பட்டால் கணக்கு முழுமையாக முடிந்துவிடும். மீதி கோரப்படாது என்ற உறுதிமொழி.
4. ஜாமீன் நின்றவரும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற வரி.
5. நிலுவையிலுள்ள வழக்கும் மீட்பு நடவடிக்கையும் திரும்பப் பெறப்படும் என்ற வரி.
6. பத்திரம், நகை, வெற்றுக் காசோலைகள் முதலியன திருப்பித் தரப்படும் விவரம்.

நான்காவது வரியைத் தோட்டப் பகுதி வாசகர்கள் அலட்சியம் செய்ய வேண்டாம். உடன் வேலை செய்பவருக்காக நட்பின் பேரில் ஜாமீன் கையொப்பம் இடுவது அங்கே வழக்கம். சட்டத்தின் பார்வையில் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது.

கடைசித் தேதியின் முக்கியத்துவத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் நிலுவை 4,80,000 ரூபாய். மூன்று தவணைகளில் தலா 1,20,000 வீதம் 3,60,000 ரூபாய் செலுத்தினால் கணக்கு முடியும் என்று தீர்வாகிறது. இரண்டைக் கட்டிவிட்டார், மூன்றாவதற்குள் விலை இறங்கிவிட்டது, தேதி கடந்தது. பொதுவாகத் தீர்வுக் கடிதங்களில் காணப்படும் நிபந்தனைப்படி சலுகை முழுதும் அற்றுப்போகும். அவர் எஞ்சியிருப்பதாக எண்ணுவது 1,20,000. கணக்கில் எஞ்சியிருப்பதோ 2,40,000 ரூபாயும் அதற்கான வட்டியும். ஆகவே விளைச்சல் விற்றுக் கையில் பணம் வரும் மாதத்தைக் கணித்துத் தேதியைக் கேளுங்கள். தாமதம் வருமெனத் தெரிந்தால், தேதி கடக்குமுன் எழுத்தில் நீட்டிப்புக் கேட்டு, எழுத்திலேயே பதிலைப் பெறுங்கள்.

தீர்வுக்கு ஒரு விலையும் உண்டு. கடன் தகவல் அறிக்கையில் அக்கணக்கு 'முழுதும் செலுத்தி முடிக்கப்பட்டது' என்று பதிவாகாமல் 'தீர்வு செய்யப்பட்டது' என்று பதிவாகும். 2023 ஜூன் 8 அன்று வெளியான ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, விவசாயமல்லாத கடனைச் சமரசத்தில் முடித்தவருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரலாகாது. முழுத்தொகையையும் செலுத்தும் வழி இருப்பவர்களுக்கு அதுவே மேலானது.

நோட்டீஸ் வந்தால்

கேரளத்தில் வங்கிக் கடன்கள் 1968ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டத்தின் வழியாகவும் வசூலிக்கப்படுகின்றன. அப்போது நோட்டீஸ் தாசில்தாரிடமிருந்து வரும். ஜப்தி என்ற சொல்லைக் கண்டு ஒளிவதால் பயனில்லை. தாலுகா அலுவலகத்துக்கும் கிளைக்கும் நேரில் செல்லுங்கள். வங்கியோடு தீர்வு முடிந்தபின், மீட்பு நடவடிக்கையைத் திரும்பப் பெறும்படி வங்கி தாசில்தாருக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அக்கடிதம் போய்ச் சேராதவரை அங்கே கோப்பு உயிரோடுதான் இருக்கும்.

ஈடு வைத்த வீட்டுக்குச் சர்பாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ் வரலாம. அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாள்களுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். விவசாய நிலத்தின் மீதான ஈட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது. வாகனங்களைப் பொறுத்தவரை, அடியாள் பலத்தால் பறிக்காமல் சட்டம் ஏற்ற முறையில்தான் கைப்பற்ற வேண்டும் என்று 2007 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

லோக் அதாலத் நல்லதொரு வழி. அங்கே இருதரப்பும் ஒப்புக்கொண்ட தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு இணையானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. ஆகவே கையொப்பத்துக்கு முன் தொகையையும் தேதியையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பெண்களும் பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். அழைக்க வேண்டிய எண் 15100.

பணம் கட்டிய மறுநாள்

கடன் முடிந்த மகிழ்ச்சியில் பலர் இந்தக் கட்டத்தை விட்டுவிடுகின்றனர். முதலில் நிலுவையின்மைச் சான்றிதழைப் பெறுங்கள். 2023 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, கடனை முழுதும் செலுத்தியோ தீர்வு செய்தோ முடித்த 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள ஈட்டுப் பதிவையும் வங்கி நீக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரத்தை வாங்கும்போது பக்கங்களை எண்ணிப் பாருங்கள். சில வாரங்கள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வாகனமெனில் படிவம் 35 பெற்று, பதிவுச் சான்றில் உள்ள கடன் குறிப்பை நீக்குங்கள். வட்டிக்காரரிடம் கொடுத்த காசோலையும் புரோநோட்டும் கைக்கு வந்தால்தான் அக்கடன் முடிந்தது.

கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரும். அதில் பழைய நிலுவை தொடர்ந்தால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். 30 நாள்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டுக்கு இடமுண்டு.

குறை இருந்தால்

முதலில் வங்கிக்கு எழுதுங்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது அக்கணக்கைப் பொதுவாக முகவரிடம் ஒப்படைக்கலாகாது என்பதால், எழுதுவதே ஒரு பாதுகாப்பு. அழைப்பு வந்த நேரம், பேசியவர் பெயர், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரங்களுக்கு 14448.

கடன்சுமையால் உறக்கமிழந்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருமெனில், அந்த நேரத்தில் கணக்கை ஒதுக்கிவைத்து 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள், எந்நேரமும் பேசலாம். தவணையை மாற்றி எழுதலாம், வட்டியைக் குறைக்கலாம், தீர்வு பேசலாம். உயிருக்கு மாற்று ஏற்பாடு எந்த வங்கியிலும் கிடையாது.

வீட்டில் ஒரு தனிக் கோப்பு வையுங்கள். கடன் ஒப்பந்தம், ரசீதுகள், நோட்டீஸ்கள், தீர்வுக் கடிதம், நிலுவையின்மைச் சான்று எல்லாம் அதில் தேதி வரிசையில் இருக்கட்டும். அடுத்தமுறை யாரேனும் வாசலில் வந்து குரல் உயர்த்தினால், அந்தக் கோப்பையே முதலில் திறந்து காட்டுங்கள்.